ஆட்டத்தில் எண்ணப்படும் குழந்தை

(பள்ளி ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய சபையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குழந்தைகளின் கல்வியைப் பற்றிப் பேசுவதற்கு நம் நாட்டில் மேடைகளுக்குக் குறைவில்லை. அவர்களுடைய விளையாட்டைப் பற்றிப் பேசுவதற்கென்று ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குவது அபூர்வம். அதிலும், அறிவுத்திறன் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளும் அக்குறைபாடு இல்லாத குழந்தைகளும் ஒரே மைதானத்தில், ஒரே அணியில், தோளோடு தோள் நின்று விளையாடுவதைப் பற்றிப் பேசும்படி ஒருவனை அழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். அந்த அழைப்பைத் தந்த இச்சபையாருக்கு என் வந்தனத்தைத் தெரிவித்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். கற்பதிலும், காரண காரியங்களை அறிந்துகொள்வதிலும், அன்றாட வாழ்க்கைக்கு வேண்டிய காரியங்களைத் தாமே செய்துகொள்வதிலும், இளம்பிராயம் முதற்கொண்டு கணிசமாகப் பின்தங்கியிருக்கும் நிலையையே அறிவுத்திறன் குறைபாடு என்கிறோம். இது மனநோய் அன்று. மருந்தினால் தீர்க்கத்தக்க வியாதியும் அன்று. 2011-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் இக்குறைபாடு உடையவர்களாக நம் தேசத்தில் பதிவானவர்கள் சுமார் 15 லட்சம் பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் குறைபாடு லேசான அளவிலேயே இருக்கும் என்பதையும், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாழிகை பேசிப் பழகினால் ஒழிய அவர்களில் பலரை நாம் வேறுபடுத்தி அறியவே முடியாது என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இக்குழந்தைகளுக்கும் பயிற்சி உண்டு, பந்தயம் உண்டு, வெற்றி தோல்வி உண்டு என்ற எண்ணம் உலகத்தில் வேர்கொண்டு இன்னும் ஒரு நூற்றாண்டு ஆகவில்லை. அதன் சரித்திரத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் அது ஒரு குடும்பத்தின் துயரத்திலே தொடங்கிய சரித்திரம். அமெரிக்க ஜனாதிபதியாக விளங்கிய ஜான் கென்னடியின் சகோதரி ரோஸ்மேரி 1918-ஆம் ஆண்டில் பிறந்தவர். பிள்ளைப் பிராயத்திலேயே கற்பதில் பின்தங்கியவர். ஒன்பது பிள்ளைகள் நிறைந்த அவ்வீட்டில் ஓட்டமும் நீச்சலும் படகுப் பந்தயமும் அன்றாடக் காரியங்கள். தங்கை யூனிஸ், அக்காளைக் கரையில் உட்கார வைத்துவிட்டுப் போகாமல், பந்தயத்துக்குச் செல்லும் தம்முடைய பாய்மரப் படகிலேயே ஏற்றிக்கொண்டு, முன்பாயைக் கவனிக்கும் வேலையை அவரிடம் ஒப்படைப்பார். பாய்மரப் படகில் சென்றவர்களுக்கு அது எத்தகைய வேலை என்று தெரியும். காற்றின் போக்கை அனுசரித்து அந்தப் பாயை இழுக்காவிட்டால் படகு பின்தங்கிவிடும். 1941-ஆம் ஆண்டில், ரோஸ்மேரிக்கு 23 வயதாகும்போது, நிலைமை சீர்ப்படும் என்று நம்பி மூளையில் ஒரு சத்திர சிகிச்சை செய்தார்கள். அதன் விளைவாக, இருந்த பேச்சையும் நடையையும் திறமையையும் பெரும்பாலும் இழந்த அவர், 2005-ஆம் ஆண்டில் காலமாகும் வரை பிறருடைய பராமரிப்பிலேயே வாழ நேர்ந்தது.

அந்தத் தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர், 1962-ஆம் ஆண்டு கோடைகாலத்தில், மேரிலாந்து மாநிலத்தில் இருந்த தம் வீட்டுத் தோட்டத்தையே ஒரு விளையாட்டு முகாமாக மாற்றினார். அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளையை எந்தக் கோடை முகாமிலும் சேர்த்துக்கொள்ள மறுக்கிறார்களே என்று தாய்மார்கள் முறையிட்டபோது, உங்கள் பிள்ளைகளை என் வீட்டுக்கு அழைத்து வாருங்கள் என்பதே அவர் தந்த விடை. சிறப்புப் பள்ளிகளிலிருந்தும் காப்பகங்களிலிருந்தும் வந்த அந்தக் குழந்தைகளுக்குத் துணையாக உயர்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்களை அமர்த்தினார். தாமே நீச்சல் குளத்தில் இறங்கிக் கற்பித்தார். அதே ஆண்டில் தம் அக்காளைப் பற்றி ஒரு பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். இத்தகைய பிள்ளை பிறந்ததைச் சுற்றத்தாரிடங்கூட மறைத்து வைத்த காலத்தில், ஜனாதிபதியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் அப்படி எழுதியது எத்தனை வீடுகளின் கதவைத் திறந்திருக்கும் என்பதைப் பெற்றோராகிய உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

ஏறக்குறைய அதே சமயத்தில் கனடாவின் டொரோண்டோ நகரில் பிராங்க் ஹேடன் என்ற ஆராய்ச்சியாளர் இக்குழந்தைகளின் தேகபலத்தைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். மற்றப் பிள்ளைகளைவிட இவர்கள் மிகவும் பலவீனமாக இருப்பது உண்மைதான் என்று கண்ட அவர், அதற்குக் காரணம் என்ன என்று ஆராய்ந்தபோது, அது குறைபாட்டோடு உடன்பிறந்ததன்று, ஓடவும் ஆடவும் யாரும் விடாததால் உண்டானது என்ற முடிவுக்கு வந்தார். மூலையில் உட்கார வைக்கப்பட்ட குழந்தைக்குக் கால்கள் தளர்ந்தன. தளர்ந்த கால்களைக் காட்டியே அக்குழந்தையை மறுபடியும் மூலையில் உட்கார வைத்தார்கள். இந்த விஷவட்டத்தைப் பிரத்தியட்சமாக எடுத்துக் காட்டியதுதான் ஹேடன் செய்த பேருபகாரம் என்பது என் அபிப்பிராயம். அதற்குப் பிறகு, 1968-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 20-ஆம் நாள் சிகாகோ நகரத்துச் சோல்ஜர் பீல்டு மைதானத்தில், அமெரிக்காவின் 26 மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த சுமார் 1,000 பேர் பங்கெடுத்த முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் என்னும், இக்குறைபாடு உடையவர்களுக்கான விளையாட்டுப் போட்டி நடந்தேறியது. 2019-இல் அபுதாபியில் நடந்த அதன் உலகப் போட்டிகளில் 7,000-க்கு மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள் என்றால் அந்த இயக்கத்தின் வளர்ச்சி விளங்கும்.

ஆயினும் இந்த வளர்ச்சியிலே ஒரு குறை தங்கியிருந்தது. குறைபாடுள்ள பிள்ளைகள் தங்களுக்குள்ளே ஓடினார்கள், தங்களுக்குள்ளே வென்றார்கள். அடுத்த தெருவில் குடியிருக்கும் சமவயதுப் பிள்ளையோ கரையோரம் நின்று கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். கைதட்டல் நல்லதுதான், அதிலிருந்து சிநேகிதம் பிறப்பதில்லை. இந்த உண்மையை உணர்ந்தே 1980-களில் அந்த இயக்கத்தார் இரு சாராரையும் ஒரே அணியில் சேர்க்கும் ஆட்டங்களை வகுக்கத் தலைப்பட்டார்கள். அவற்றின் விதிகளைக் கவனியுங்கள். ஐவர் ஆடும் கூடைப்பந்தில் குறைபாடுள்ளவர் மூவர், மற்றவர் இருவர்; அறுவர் ஆடும் கைப்பந்தில் இரு சாராரிலும் மும்மூவர்; பதினொருவர் ஆடும் கால்பந்தில் ஆறும் ஐந்தும். குறைபாடுள்ள பிள்ளைகள் ஒரு நாளும் சிறுபான்மையாக இருக்கமாட்டார்கள். அவர்கள் வராவிட்டால் அணியே இல்லை. அதுமட்டுமன்று, கெட்டிக்காரன் ஒருவன் பந்தைத் தன்வசமே வைத்துக்கொண்டு எல்லாப் புள்ளிகளையும் தானே எடுத்துவிடுவதை இவ்வாட்டங்கள் ஒப்புவதில்லை. ஒவ்வொருவருடைய பங்கும் ஆட்டத்தின் முடிவை மாற்றக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்பதே அடிப்படைத் தத்துவம்.

இந்தத் தத்துவத்தைத்தான் இன்றைக்கு உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன். நம் தெருக்களில் பிள்ளைகள் கிளித்தட்டோ கண்ணாமூச்சியோ விளையாடும்போது, இடுப்பில் தம்பியைச் சுமந்துகொண்டு வரும் அக்காளை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் பொருட்டு அந்தச் சிறுவனையும் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வது நெடுங்கால வழக்கம். அவன் ஓடலாம், ஒளியலாம், கூச்சல் போடலாம்; பிடிபட்டாலும் அவனுக்கு ‘அவுட்’ கிடையாது, அவன் யாரைத் தொட்டாலும் அது கணக்கில் சேராது. அழகான வழக்கம் அது. அழுகிற குழந்தையைத் தனியே விட மனமில்லாத பிள்ளைகள் தாமே கண்டுபிடித்த கருணை. அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ அந்தத் தம்பி வளர்ந்து முழு ஆட்டக்காரனாகிவிடுவான். ஆகையால் அவனுக்கு அதனால் குறைவொன்றும் இல்லை. ஆனால் அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தையை ஆறு வயதிலும் அப்படியே சேர்த்துக்கொண்டு, பத்து வயதிலும் அப்படியே சேர்த்துக்கொண்டு, பதினாறு வயதில் பள்ளியின் விளையாட்டு விழாவில் எல்லோரும் ஓடி முடித்த பிறகு தனியே ஓடவிட்டுக் கையில் ஒரு மிட்டாய்ப் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்புகிறோமே, அதை எப்படி நியாயம் என்று சொல்வது? தன் ஓட்டம் கணக்கில் இல்லை என்பதை அக்குழந்தை அறியாது என்று எண்ணுவது பெரும்பிழை. நன்றாக அறியும்; அதை எடுத்துச் சொல்லும் வார்த்தைதான் அதனிடம் இல்லை.

கணக்கில் சேரும் சமமான பங்கு வேண்டும் என்பதற்கு மனோதத்துவ சாஸ்திரமும் சான்று பகர்கிறது. ஹார்வர்டு சர்வகலாசாலைப் பேராசிரியர் கார்டன் ஆல்போர்ட், 1954-ஆம் ஆண்டில் துவேஷத்தின் இயல்பைப் பற்றி எழுதிய நூலில், ஒருவரையொருவர் அறியாத இரு சாரார் வெறுமனே அருகருகே இருப்பதனால் வேற்றுமை உணர்ச்சி நீங்கிவிடாது என்றும், சம அந்தஸ்தும், பொதுவானதோர் இலக்கும், அதை அடையக் கூட்டு முயற்சியும், மேலுள்ளவர்களின் ஆதரவும் வாய்த்தால்தான் மனம் மாறும் என்றும் விளக்கினார். அவர் பெரும்பாலும் இன வேற்றுமையை மனத்திற்கொண்டு எழுதியவர். எனினும், நன்கு நடத்தப்படும் விளையாட்டைப் போல இந்த நான்கையும் ஒரே மணிநேரத்தில் ஒருங்கே தரக்கூடிய சாதனம் பள்ளிக்கூடத்தில் வேறு எது? வகுப்பறையில் மதிப்பெண் பிரித்துவிடுகிறது; மத்தியான உணவின்போது அவரவர் சிநேகிதக் கூட்டம் பிரித்துவிடுகிறது.

விளையாட்டு இவ்வாறு பிரிவினையைப் போக்குமா என்று பரீட்சித்துப் பார்த்தவர்களும் உண்டு. பாஸ்டன் நகரிலுள்ள மாஸசூஸெட்ஸ் சர்வகலாசாலையில், யூனிஸ் ஷ்ரைவரின் முகாமுடைய பெயராலேயே, 2006-ஆம் ஆண்டில் ஒரு கோடை முகாம் ஆரம்பமாயிற்று. கட்டணம் கிடையாது. குறைபாடுள்ள குழந்தைகளும் இல்லாதவர்களும் சரிபாதியாக வந்தார்கள். நான்காம், ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்குச் செல்லவிருந்த 67 குழந்தைகள் நான்கு வாரம் சேர்ந்து விளையாடியதைக் கேரி சிப்பர்ஸ்டைனும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். யாரோடு பொழுதைக் கழிக்க விருப்பம், சாப்பிடும்போது யார் பக்கத்தில் உட்கார ஆசை என்றெல்லாம் குழந்தைகளையே கேட்டுப் பார்த்ததில், குறைபாடுள்ளவர்கள் மற்றவர்களுக்குச் சமமாகவே ஏற்கப்பட்டிருந்தார்கள். இரு சாராரிலுமாக நூற்றுக்கு 95 பேர் குறைந்தது ஒரு புதிய நண்பரையேனும் தேடிக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் லேசான குறைபாடு உடையவர்கள், நடந்தது நான்கு வாரமே என்பவற்றை மறந்து இதை அளவுக்கு மேல் நீட்டிச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனாலும், பள்ளிக்கூடத்தில் ஆண்டுக்கணக்கில் ஒரே கூரையின் கீழ் இருந்தும் உண்டாகாத நட்பு, பந்து ஒன்றின் உதவியால் நான்கே வாரத்தில் உண்டாகக் கூடும் என்பது நிச்சயமாகிறது.

இனி மைதானத்துக்கு வருவோம். நம் ஊர்ப் பள்ளியொன்றில் இரு சாராரும் கலந்த தொடர் ஓட்டத்தை ஒரு மாலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். குறைபாடுள்ள பையன் ஒருவன் மிக நேர்த்தியாக ஓடி வந்து, அடுத்தவனிடம் குச்சியை நீட்டினான், அவன் பற்றினான், இவன் விடவில்லை. குச்சியைக் கொடுக்க வேண்டும் என்று கற்பித்த ஆசிரியர், விரல்களைத் திறந்து விடவேண்டும் என்பதைத் தனியாகக் கற்பிக்கவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு அது கற்பிக்காமலே வரும். இவனுக்கு அது ஒரு தனிப் பாடம். அடுத்த தடவை, எதிரே நின்ற சிறுவனே அதைக் கண்டுகொண்டு, குச்சியின் அடியில் உள்ளங்கையை வைத்து, “விடு” என்று ஒரே வார்த்தை சொன்னான். குச்சி கைமாறியது. பயிற்சிக் கலையின் சாரம் முழுவதும் அந்த ஒரு வார்த்தையில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது. நாம் ஒன்று என்று நினைக்கும் காரியத்தை நாலாகவோ ஐந்தாகவோ பிரித்து, ஒவ்வொன்றையும் செய்து காட்டி, ஒரு சமயத்தில் ஒரே ஒரு கட்டளை மாத்திரம் கொடுத்து, சொன்னது மனத்தில் போய்ச் சேரும் வரையில் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டம்.

பந்து பிடிக்கக் கற்பிப்பதும் அவ்வாறே. தொடக்கத்திலேயே கிரிக்கெட் பந்தை வீசினால் எந்தக் குழந்தையும் கண்ணை மூடிக்கொள்ளும். பலூனையோ மெல்லிய கைக்குட்டையையோ மேலே எறிந்தால் அது ஆடி அசைந்து மெதுவாக இறங்கும். அதைப் பின்தொடரக் கண்ணுக்கும் அவகாசம் கிடைக்கும், கைக்கும் அவகாசம் கிடைக்கும். பிறகு பெரிய, மிருதுவான பந்தைத் தரையில் உருட்டலாம், அதன்பின் ஒரு தடவை தரையில் தட்டி அனுப்பலாம், கடைசியில் வீசலாம். இருபது பேரை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராகப் பந்தெறிய விடும் வழக்கத்தை அடியோடு கைவிட வேண்டும். பதினெட்டாவதாக நிற்கும் பிள்ளை தன் முறை வருவதற்குள் மண்ணில் கோடு கிழிக்கத் தொடங்கிவிடும். பிறகு அதை அடங்காப் பிள்ளை என்று நாம் முடிவு கட்டிவிடுவோம். இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு பந்து கொடுத்தால், எல்லோரும் எந்நேரமும் ஆடிக்கொண்டிருப்பார்கள். விசில் சப்தத்தைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. அவர்கள் இருக்குமிடத்தில் வண்ணத் துணி ஒன்றை உயர்த்திக் காட்டினால் போதும்.

உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டௌன் சிண்ட்ரோம் என்னும் பிறவி நிலை உள்ள பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்தின் மேற்பகுதியில் முதல் இரண்டு எலும்புகளின் இணைப்பு நெகிழ்ந்திருக்கும். குட்டிக்கரணம் போடுவதும் தலைகீழாகத் தண்ணீரில் பாய்வதும் அவர்களுக்கு அபாயம் விளைவிக்கக் கூடும். இருதயக் கோளாறும் அவர்களிடையே சகஜம். ஆகவே வைத்தியரின் பரிசோதனை இல்லாமல் எந்தக் குழந்தையையும் மைதானத்தில் இறக்கலாகாது. இந்த ஒரு விஷயத்தில் அவசரமும் உற்சாகமும் உதவா.

எந்த ஆட்டத்தை எடுப்பது என்று கேட்பீர்கள். இத்தாலியிலிருந்து வந்த போச்சி என்ற ஆட்டம் நம் சிறப்புப் பள்ளிகளில் நன்கு பரவியிருக்கிறது. சிறு பந்து ஒன்றை இலக்காகப் போட்டுவிட்டு, பக்கத்துக்கு நான்கு பெரிய பந்துகளை உருட்டி, எவருடைய பந்து இலக்குக்கு மிக அருகில் நிற்கிறது என்று பார்ப்பதுதான் ஆட்டம். ஓட வேண்டியதில்லை, குதிக்க வேண்டியதில்லை. குறி ஒன்றே பிரதானம். கோலி விளையாடிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு அதன் ருசி உடனே பிடிபட்டுவிடும். வளையப்பந்தையும் எறிபந்தையும் கூட விதியைச் சற்றுத் தளர்த்தி ஆடலாம். வலையைத் தாழ்த்திக் கட்டலாம், தரையில் ஒரு முறை பட்டபின் பிடித்தாலும் சரி என்று வைத்துக்கொள்ளலாம். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதே முக்கியம். ஒரு பிள்ளைக்கு மாத்திரம் சலுகை கொடுத்தால் அங்கே மீண்டும் ஒப்புக்குச் சேர்ப்பதே நிகழும்.

பெற்றோர்களின் அச்சத்தையும் நான் அறிவேன். குறைபாடுள்ள குழந்தையைப் பெற்ற தாய், என் பிள்ளையைக் கேலி செய்வார்களே, விழுந்து அடிபட்டுக்கொள்ளுமே என்று அஞ்சுகிறாள். பிள்ளை விழத்தான் விழும் அம்மா; விழுந்து எழாத குழந்தை எங்கே இருக்கிறது? கேலியைத் தடுப்பது ஆசிரியரின் கடமை. அவர் முதல் நாளே உறுதியாக நின்றுவிட்டால் பிள்ளைகள் வெகு சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். மற்றக் குழந்தைகளைப் பெற்றவர்களோ, இவர்களோடு ஆடினால் எங்கள் பிள்ளையின் ஆட்டம் பின்தங்கிவிடாதா என்று கேட்கிறார்கள். மாநில அணிக்குப் போகவிருக்கும் பிள்ளை அதற்குரிய பயிற்சியைத் தனியே செய்யட்டும். அதை யாரும் தடுக்கவில்லை. வாரத்தில் ஒரு மணிநேரம், தன்னைப் போல் இல்லாத ஒரு தோழனுக்குப் பந்தை எந்த உயரத்தில், எந்த வேகத்தில் கொடுத்தால் அவனால் பிடிக்க முடியும் என்று யோசித்துப் பழகும் பிள்ளைக்கு ஆட்டத்தின் அறிவு கூடுமே தவிரக் குறையாது.

சட்டமும் நம் பக்கமே இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 2006-இல் நிறைவேற்றிய உடன்படிக்கை, பள்ளிக்கூடத்துக்குள் நடப்பவை உட்பட எல்லா விளையாட்டுகளிலும் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு மற்றவர்களோடு சமமான இடம் வேண்டும் என்கிறது; அதை இந்தியா 2007-இல் ஏற்றுக்கொண்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, கல்வி நிலையங்கள் அவர்களைப் பாரபட்சமின்றிச் சேர்த்துக்கொண்டு, கல்வியோடு விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் சமமான வாய்ப்புத் தரவேண்டும் என்று விதிக்கிறது. 30-ஆம் பிரிவு விளையாட்டுக்கென்றே எழுதப்பட்டது. ஆகையால் நான் யாரிடத்திலும் தர்மம் கேட்கவில்லை.

பெரும் பொருட்செலவும் இதற்கு வேண்டியதில்லை. உங்கள் ஊரில் ஒரு சிறப்புப் பள்ளி இருக்கும். அதற்கு மைதானம் இராது. பக்கத்திலேயே மைதானமுள்ள ஓர் உயர்நிலைப் பள்ளி இருக்கும். இரண்டு தலைமையாசிரியர்களும் ஒரு நாள் சந்தித்துப் பேசி, சனிக்கிழமை மாலையில் பதினைந்து குழந்தைகளை அங்கிருந்தும் பதினைந்து பேரை இங்கிருந்தும் வரவழைத்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, நாலைந்து பந்துகளை வாங்கிக் கொடுத்தால் காரியம் தொடங்கிவிடும். புள்ளி எழுதும் தாளில் முப்பது பேர் பெயரும் இருக்கட்டும். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் எடுத்த புள்ளியும் இருக்கட்டும், இழந்த புள்ளியும் இருக்கட்டும். ஜூன் மாதத்தில் கால அட்டவணை தயாரிக்கும் தலைமையாசிரியர்கள் இச்சபையில் பலர் வீற்றிருக்கிறீர்கள். அந்த அட்டவணையில் வாரத்துக்கு ஒரு பீரியடை இதற்கென்று, வேறெந்தப் பாடத்துக்கும் விட்டுக்கொடுக்காத நிபந்தனையோடு, ஒதுக்கித் தரும்படி உங்களை இரு கரம் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.